அடுப்பில் பட்ட ரப்பரும் அதற்குப் பின் வந்த ஐந்து வருடமும்

கப்பலூர் சிட்கோவில் ஒரு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். "குட்இயர் என்பவர் கைதவறி ரப்பரை அடுப்பில் போட்டார், வல்கனைசேஷன் பிறந்தது என்று பயிற்சி வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இது நடந்ததா, கதையா? மதுரையைச் சுற்றி ஏன் இத்தனை ரப்பர் கம்பெனிகள்? பழைய டயரை உருக்கி ஏன் திரும்ப டயர் செய்வதில்லை?"

என் வேலைக் காலத்தின் பெரும்பகுதி காம்பவுண்டிங்கில், அதாவது எந்த ரப்பரோடு எதை எவ்வளவு கலப்பது என்ற வேலையில் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வல்கனைசேஷன் என்பது பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சூட்டில் வேகவைத்து உறுதியாக்குவது. முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் வேர் ஒன்றுதான் என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

பச்சை ரப்பரிலிருந்து தொடங்குவோம். குலசேகரம் பக்கம் மரத்தில் பால் வெட்டி, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகை போட்டு அனுப்புகிறார்களே, அந்த ஷீட்டை உங்கள் ஸ்டோரில் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் நீளும்; ஆனால் ஒழுங்காகத் திரும்பாது. சித்திரை வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போகும். குளிர்நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: பனிக்காலத்தில் விறைத்துப் பலகையாகிவிடும். இந்தப் பொருளை வைத்து 1830களில் அமெரிக்காவில் காலணி, மழைக்கோட்டு என்று செய்து விற்றார்கள். ஒரு கோடை வந்ததும் எல்லாம் இளகி நாறிப்போய்த் திரும்பி வந்தன. கம்பெனிகள் வரிசையாக மூழ்கின.

அந்த நேரத்தில்தான் சார்லஸ் குட்இயர் உள்ளே வருகிறார். 1800-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தவர். இரும்புச் சாமான் கடை வைத்து நொடித்தவர். வேதியியல் படித்தவர் இல்லை. 1834-இல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி இந்தியா ரப்பர் கம்பெனியின் கடையில் காற்றடைத்த உயிர்காப்பு மிதவை ஒன்றைப் பார்த்து, அதற்கு நல்ல வால்வு ஒன்று செய்துகொண்டு போனார். வால்வு நன்றாகத்தான் இருக்கிறது, ரப்பர்தான் சரியில்லை, அதைச் சரிசெய்ய முடிந்தால் வா என்றார்கள். அங்கே பிடித்த பிடியை அவர் சாகும்வரை விடவில்லை. கடனுக்காகப் பிலடெல்பியா சிறையில் இருந்தபோதுகூட மனைவியிடம் சொல்லிப் பச்சை ரப்பரும் உருட்டுக்கட்டையும் வரவழைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

மெக்னீசியா கலந்து பார்த்தார், சுண்ணாம்பில் கொதிக்கவைத்தார், நைட்ரிக் அமிலம் தடவினார். ஒவ்வொன்றிலும் ரப்பரின் மேல்பக்கம் மட்டும் ஒட்டாமல் ஆனது, உள்ளே பச்சையாகவே இருந்தது. அரசாங்கத்துக்குத் தபால் பைகள் செய்து கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பைகளும் வெக்கையில் இளகித் தொங்கிவிட்டன. நதானியல் ஹேவர்ட் என்பவர் ரப்பரில் கந்தகம் தூவி வெயிலில் காயவைக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதன் உரிமையைக் குட்இயர் வாங்கினார். அதிலும் மேல்தோல்தான் காய்ந்தது. ஆக, அடுப்புச் சம்பவத்துக்கு முன்பே கந்தகம் வந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சம்பவம். 1839 குளிர்காலம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வோபர்ன் என்ற ஊர். கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. உருகி வழிந்திருக்க வேண்டியது, தோல் கருகுவதுபோலக் கருகியது. கடையில் உற்சாகமாகக் கையை வீசிப் பேசியபோது துண்டு பறந்து அடுப்பில் விழுந்தது என்று நாடகம் போலச் சொல்வார்கள். குட்இயர் 1850களில் தானே எழுதி வெளியிட்ட நூலில் அந்த நாடகம் இல்லை. தபால் பைகளைக் கெடுத்த அதே கலவையின் மீது சூடு என்ன செய்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தபோது, கவனக்குறைவாக ஒரு துண்டு அடுப்பில் பட்டது என்றுதான் அவர் எழுதுகிறார். அதாவது சூடுதான் அவருடைய சோதனைப் பொருளே. அது அடுப்பில் பட்ட கணம் மட்டும்தான் தற்செயல்.

என் கணக்கில் கண்டுபிடிப்பு நடந்தது அதற்கு அடுத்த சில மணி நேரத்தில். ரப்பரைச் சூடாக்கினால் இளகும் என்பதுதான் அன்று எல்லாரும் கண்டது. இது கருகியது. கருகுவதைச் சரியான இடத்தில் நிறுத்த முடிந்தால், ஒட்டும் குணம் உள்ளே வரைக்கும் போய்விடுமே என்று அவருக்குத் தோன்றியது. உடனே கொதிக்கும் கந்தகத்தில் ரப்பரைப் போட்டுப் பார்த்தார். எவ்வளவு சூடானாலும் உருகவில்லை, கருகியது. பிறகு நெருப்பின் முன்னால் பிடித்துப் பார்த்தார். கருகிய பகுதியின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அந்தக் கோடு கருகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. இழுத்தால் திரும்பியது, ஒட்டவில்லை. அந்தத் துண்டை இரவில் வாசலுக்கு வெளியே கடும் குளிரில் ஆணியடித்து வைத்தார் என்று அவர் மகள் சொன்ன குறிப்பு இருக்கிறது. காலையில் எடுத்தபோது விறைக்காமல் வளைந்து கொடுத்தது. கூட இருந்தவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பல வருடமாக இப்படி எதையாவது காட்டிக்கொண்டிருந்தவர்தானே.

அந்த மெல்லிய ஓரக் கோட்டைத்தான் தம்பி, நீங்கள் இன்று பிரஸ்ஸில், அதாவது சூடான மோல்டில் (அச்சில்) வைத்து அழுத்தும் இயந்திரத்தில், முழுப் பாகமாக எடுக்கிறீர்கள். ஒரு நூல் அகலத்துக்குத் தற்செயலாகக் கிடைத்ததைப் பாகம் முழுக்க, மேலிருந்து நடுப்பகுதி வரை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கொண்டுவருவது எப்படி? இதற்குத்தான் அவருக்கு ஐந்து வருடம் ஆனது. பக்கத்து வீட்டு அடுப்பைக் கேட்டுப் பார்த்தார், சூடான மணலில் புதைத்துப் பார்த்தார், தொழிற்சாலைகளில் வேலை முடிந்த பிறகு அவர்கள் அடுப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வீட்டில் அடகு வைக்க எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் அழுத்தமான நீராவியில், ஏறத்தாழ 132 டிகிரி செல்சியஸில், நாலு முதல் ஆறு மணி நேரம் வைத்தால் சீராக வேகிறது என்று கண்டார். 1844 ஜூன் 15-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, எண் 3633. அதில் அவர் கொடுத்த கலவை: ரப்பர் 25 பங்கு, கந்தகம் 5 பங்கு, வெள்ளை ஈயம் 7 பங்கு. நம் பாஷையில் சொன்னால் 100 ரப்பருக்கு 20 கந்தகம். இன்று உங்கள் மிக்ஸிங் ஷீட்டில், அதாவது கலவைக் குறிப்பில், கந்தகம் 1, 2, மிஞ்சினால் 3 என்றுதான் இருக்கும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவருக்குக் குட்இயரின் மாதிரித் துண்டுகள் கிடைத்தன. அவர் ரப்பரில் ஏற்கெனவே கைதேர்ந்தவர். துண்டின் மேல் பூத்திருந்த மஞ்சள் தூளைக் கவனித்துக் கந்தகத்தைப் பிடித்தார். 1843 நவம்பரிலேயே அங்கே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். குட்இயரின் இங்கிலாந்து விண்ணப்பம் சில வாரங்கள் பிந்திப் போனது. அந்த மஞ்சள் பூப்பு இன்றும் நம்மைப் படுத்துகிறது: கரையக்கூடிய அளவுக்கு மேல் கந்தகம் போட்டால் மேலே வந்து பூக்கும், புளூம் என்போம். வாடிக்கையாளர் ஆய்வில் திரும்பி வரும் பாகங்களில் அதற்கு ஒரு பங்கு உண்டு. வல்கனைசேஷன் என்ற பெயரையும், ரோமானியரின் நெருப்புத் தெய்வம் வல்கனை நினைத்து, ஹான்காக்கின் நண்பர் ஒருவர்தான் வைத்தார்.

அமெரிக்காவில் 1852-இல் நடந்த பெரிய வழக்கில் குட்இயர் ஜெயித்தார். அவருக்காக வாதாடிய டேனியல் வெப்ஸ்டருக்கு 15,000 டாலர் ஃபீஸ். குட்இயர் கையில் பணம் தங்கவே இல்லை; 1860-இல் இறந்தபோது ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடன். டயரில் நாம் பார்க்கும் குட்இயர் கம்பெனி 1898-இல் ஒஹாயோ மாநிலத்தில் வேறொருவர் தொடங்கியது. பெயர் மரியாதைக்கு வைத்தது. குடும்பத்துக்கு அதில் ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மெக்சிகோ பக்கத்துப் பழங்குடி மக்கள் ஏறத்தாழ கி.மு. 1600-லேயே ரப்பர் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து நன்றாக எகிறும் பந்து செய்திருக்கிறார்கள். சேற்றில் புதைந்து கிடந்த பந்துகள் கிடைத்திருக்கின்றன. அது கந்தகமும் சூடும் சேர்ந்த முறை இல்லை. ஆனால் பச்சை ரப்பரின் குணத்தை மாற்ற முடியும் என்று முதலில் செய்து காட்டியவர்கள் அவர்கள்தான். பாடப்புத்தகங்கள் இதை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

உள்ளே என்ன நடக்கிறது? ரப்பர் என்பது ஐசோபிரீன் என்ற சின்ன மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள். பச்சையில் இவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். அதனால்தான் இழுத்தால் திரும்புவதில்லை, சூட்டில் ஒட்டுகிறது. சூடாக்கும்போது கந்தகம் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. தனித்தனி நூலாகக் கிடந்தது வலையாகிவிடுகிறது. இழுத்தால் விரியும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். பாலம் குறைவாக இருந்தால் மென்மையாக இருக்கும். 100-க்கு 30, 40 என்று கந்தகத்தை ஏற்றி நெடுநேரம் வேகவைத்தால் கருங்கல் போல எபோனைட் ஆகிவிடும். பழைய இங்க் பேனா உடம்பும் அந்தக் காலத்துக் கார் பேட்டரிப் பெட்டியும் அதுதான்.

கந்தகத்தை மட்டும் நம்பினால் வேகவைக்க மணிக்கணக்கில் ஆகும், கந்தகமும் நிறையத் தேவை. 1906-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் என்ற வேதியியலர் அனிலின் சேர்த்தால் வேகம் கூடுகிறது என்று கண்டார். இது தற்செயல் இல்லை. மலிவான ரப்பரை நல்ல ரப்பர் மாதிரி வேகவைக்க வழி தேடித் திட்டமிட்டே கண்டது. அனிலின் நச்சு என்பதால் வேறு பொருட்கள் வந்தன. உங்கள் மிக்ஸிங் ஷீட்டில் ஆக்ஸிலரேட்டர் என்று கிராம் கணக்கில் வருபவை அதன் பேரப்பிள்ளைகள். அவற்றோடு ஜிங்க் ஆக்ஸைடும் ஸ்டீரிக் அமிலமும் சேர்ந்ததால்தான் 20 பங்கு கந்தகம் 2 பங்காக இறங்கியது, மணிக்கணக்கு நிமிடக் கணக்கானது. கார்பன் பிளாக் வந்தது இன்னொரு பெரிய திருப்பம். அதற்கு முன்னால் டயர் வெளுத்த நிறத்தில்தான் இருந்தது. கரி சேர்ந்த பிறகுதான் ரோட்டில் தேயாமல் நிற்கக் கற்றுக்கொண்டது.

கருகுவதைச் சரியான இடத்தில் நிறுத்துவது என்ற குட்இயரின் கவலை நம் ஷாப்பில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சூடு 10 டிகிரி ஏறினால் வேகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது நாம் வைத்திருக்கும் கைக்கணக்கு. 150 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 160-இல் 5 நிமிடம். அப்படியானால் 180-க்கு ஏற்றிவிட்டால் உற்பத்தி கூடுமே என்று சூப்பர்வைசர்கள் ஆசைப்படுவார்கள். மெல்லிய வாஷருக்குச் சரி. கையளவு தடிமனுள்ள புஷ்ஷுக்கு அது ஆகாது. ரப்பர் சூட்டைக் கடத்துவதில் மகா மந்தம். வெளிப்பக்கம் வெந்து, அதற்கும் மேலே போய், பாலங்கள் உடைய ஆரம்பித்துவிடும். ரிவர்ஷன் என்று சொல்வது அதைத்தான். நடுவில் இன்னும் பச்சை. குட்இயரின் தபால் பையும் இதே வியாதியில்தான் செத்தது: வெளியே காய்ந்தது, உள்ளே வேகாதது. அதனால்தான் தடித்த பாகத்துக்குக் குறைந்த சூடு, நீண்ட நேரம்.

அடுத்தது ஸ்கார்ச். கந்தகமும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்த காம்பவுண்ட், மோல்டுக்குள் போகும் முன்பே வேக ஆரம்பிப்பது. நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்கடியில் மிக்ஸிங் மில் ஓடும்போது இது சாதாரணம். மில்லிலிருந்து எடுத்த ஷீட்டைச் சூடாறாமல் அடுக்கிவைத்தால் நடுவிலிருக்கும் ஷீட்டு மறுநாள் மோல்டில் பாயாது. ஆகவே காற்றில் தொங்கவிட்டு ஆறவைத்த பிறகு அடுக்குங்கள். கம்பெனியில் ரியோமீட்டர் (வேகும்போது ரப்பர் எப்படி இறுகுகிறது என்று வரைந்து காட்டும் கருவி) இருந்தால் அதன் முன்னால் உட்கார்ந்து வரைகோட்டைப் பாருங்கள். முதலில் கோடு இறங்கும், ரப்பர் இளகுகிறது. கொஞ்ச நேரம் தரையில் ஓடும். ஸ்கார்ச்சுக்கு முன் உங்களுக்கு இருக்கும் அவகாசம் அது. பிறகு செங்குத்தாக ஏறும், பாலங்கள் விழுகின்றன. அப்புறம் படுக்கும். இயற்கை ரப்பரில் மேலும் விட்டால் கோடு சாயத் தொடங்கும். குட்இயர் அடுப்பு அடுப்பாக அலைந்து ஐந்து வருடத்தில் கற்றது முழுக்க அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதை எடுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி ரிஜெக்ட் குறையும்.

இரண்டாவது கேள்வி, மதுரை. இதற்கு எங்கும் எழுதிவைத்த ஒரே காரணம் கிடையாது, நான் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். முதலில் பஸ். 1910களில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பஸ்ஸும் லாரியும் இருக்கும் ஊரில் டயர் தேயும். மொட்டை டயருக்கு மேலே புது ரப்பர் போட்டு ஒட்டும் ரீட்ரெடிங் வேலை வளர்ந்தது. அதுவும் வல்கனைசேஷன்தான், புதுப் பட்டையும் பழைய உடம்பும் இடையிலிருக்கும் மெல்லிய பச்சை ரப்பர் வேகும்போது ஒன்றாகின்றன. ரோட்டோரப் பஞ்சர் கடையில் "வல்கனைசிங்" என்று போர்டு எழுதி, டியூபில் ஒட்டுப் போட்டு இரும்புக் கிளாம்பில் இறுக்கிச் சூடு கொடுத்தார்களே, அதே வேலையின் சின்ன வடிவம். டியூப்லெஸ் வந்தபின் அந்தப் போர்டுகள் குறைந்துவிட்டன.

இரண்டாவது மில். நூற்பாலை என்றால் பெல்ட் வேண்டும், நூலிழுக்கும் உருளைக்கு ரப்பர் உறை வேண்டும். மூன்றாவது தூரம். கேரளத்து ஷீட்டு குமுளி வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ இறங்கினால் மதுரை பக்கம்; கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பரும் நேர் ரோட்டில் வந்துவிடும். இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-இல் பெரியாற்றின் கரையில் தட்டேக்காட்டில் போட்டது. அதே பெரியாற்றின் மேல்பகுதித் தண்ணீர்தான் 1895 முதல் மலையைக் குடைந்து வந்து மேலூர் வயல்வரை பாய்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

இப்படிச் சேர்ந்ததன் விளைவுதான் கோச்சடையில் ஃபென்னர் பெல்ட், மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் டூவீலர் டயர், ஹைடெக் அராய் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்). பெரிய கம்பெனியில் மோல்டும் மிக்ஸிங்கும் கற்ற ஆட்கள் பிறகு புதூரிலும் கப்பலூரிலும் இரண்டு பிரஸ் போட்டுத் தனியாகத் தொடங்கினார்கள். என் கணிப்பில் ரப்பரை இங்கே நிலைநிறுத்தியது அவர்கள்தான். ஒரு மோல்டு உடைந்தால் அன்றைக்கே சரிசெய்ய ஆள் கிடைக்கும் ஊர் எல்லா இடத்திலும் இல்லை.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆயில் சீலில் இயற்கை ரப்பர் இருக்காது. எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அங்கே 1930களில் வந்த நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். அதையும் பெரும்பாலும் கந்தகத்தால்தான் வேகவைக்கிறோம்.

மூன்றாவது கேள்வி. டயர் உருகாததற்குக் காரணம் மேலே சொன்ன பாலங்கள். ஒரு டயரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன, பிரிந்து ஓட முடியாது. சூடேற்றினால் இளகாது, இன்னும் ஏற்றினால் கருகும். குட்இயரின் அடுப்பு அன்று காட்டியதும் இதைத்தான். நல்ல குணம் எதனால் வந்ததோ அதனாலேயே இந்தக் கஷ்டமும் வந்தது. பிளாஸ்டிக் பையில் இந்தப் பாலம் கிடையாது. அதனால்தான் திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துண்டாக்கிய பையைச் சூடான ஜல்லிமேல் தூவி, அது இளகிக் கல்லைப் போர்த்தும்படி செய்து, மேலே தார் கலந்து ரோடு போட முடிந்தது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற வேலை அது. டயர்த் துண்டை அப்படிக் கல்லில் போர்த்த முடியாது. பொடியாக அரைத்துத் தாரில் கலக்கும் முறை தனியாக இருக்கிறது.

நம் கிராமங்களில் பழைய டயருக்கு நல்ல பிழைப்புகள் இருந்தன: மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, கூடை, டயர் செருப்பு. லாரி டயர் வண்டிக்குப் போனது, கட்டை வண்டி டயர் வண்டியானது. இவை அத்தனையும் உருக்காமல், அறுத்துப் பயன்படுத்திய வழிகள். தொழிற்சாலை முறையில் ரீகிளெய்ம் உண்டு: பொடியாக்கி, ரசாயனம் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் பாலங்களில் ஒரு பகுதியை உடைப்பது. பாலத்தோடு சேர்ந்து சங்கிலியும் கொஞ்சம் அறுபடுகிறது, அதனால் பழைய வலு திரும்பாது. கால்மிதி, மட்பிளாப் போன்றவற்றில் புது ரப்பரோடு கலந்து போடலாம். டயரின் ரோடு படும் பகுதியில் அதிகம் போட முடியாது.

உங்கள் ஷாப்பில் பாகத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுக்கும் ஃபிளாஷும், ரிஜெக்ட்டும் இந்த வழியில்தான் போகின்றன. நைட்ரைலையும் இயற்கை ரப்பரையும் ஒரே மூட்டையில் போட்டுவிட்டால் ரீகிளெய்ம் செய்பவருக்கு உதவாது, விலையும் விழும். டிரிம்மிங் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு டிரம் வைத்து, எது எதில் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.